கிழக்கே கால் நீட்டாதவர்

என் நாத்தனார் வெல்டாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே முடித்துவிடுவாள். சர்ச்சில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பிரசங்கம் கேட்பாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாளே, அப்போது மட்டும் உட்கார்ந்திருந்தாள். அதுவும் வண்டி நகர்ந்துகொண்டிருந்ததால்தான் என்பார் என் கணவர் ஹாலிஸ். அவர் அவளுடைய தம்பி. அக்காவைப் பற்றி அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வளர்ந்த விதம் அப்படி. அவர்களுடைய அப்பாவுக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஸ்ட்ராபெர்ரி பழுத்தால் மிசூரி, பருத்தி வெடித்தால் ஆற்றோரச் சமவெளி, ஆப்பிள் பழுத்தால் நாட்டின் மறுகோடியில் இருக்கிற வாஷிங்டன் வரைக்கும். பிள்ளைகள், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பழைய லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். புது டீச்சர் "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்கும்போதெல்லாம் வெல்டா "ஆர்க்கன்சா, பாஸ்மோர் ஓடை" என்று பளிச்சென்று சொல்வாளாம். அந்த ஓடையில் அவள் அதுவரை கால் நனைத்ததுகூட இல்லை.

ஓடைக்கு அந்தப் பெயர் வந்தது ஹைரம் பாஸ்மோரால். ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். மாட்டு வண்டியில் மனைவி கெசியாவையும் ஓர் இரும்புப் பானையையும் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் முதன்முதலாக வந்தவர் என்பது எங்கள் பக்கத்துப் பெருமை. அவருக்கு முன்னால் இங்கே வேட்டையாடிக்கொண்டிருந்த ஒசேஜ் பூர்வகுடி ஜனங்களை எங்கள் கதைகளில் யாரும் கணக்கில் வைப்பதில்லை. நான் வாக்கப்பட்டு வந்தவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பாஸ்மோர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு உலகம் அந்த மாட்டு வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

வெல்டா பெரியவளானதும் இங்கேயே வந்து சேர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொண்டாள். புருஷன் டெக்சாஸுக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான். ரேண்டல் என்று ஒரே பையன். அவனைத் தனியாளாக வளர்த்தாள். நல்ல பையன்தான், கொஞ்சம் மௌனம், கொஞ்சம் குடி. அவன் வண்டியின் சத்தம் மலைத் திருப்பத்தில் கேட்டால் போதும், வெல்டா ஜன்னல் பக்கம் போய்விடுவாள். அவன் வாசலுக்கு வந்து சேரும் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போதும் நிற்கிறாள். ஊரில் யாருடைய வண்டி வந்தாலும் நிற்கிறாள்.

ரேண்டலின் வண்டி ஓர் அக்டோபர் மத்தியானம் ஆற்றுக்குள் போனது. மழை இல்லை. ரோட்டில் வளைவும் இல்லை. கண் அசந்திருப்பான் என்று போலீஸ் எழுதியது. ஊர் வேறு மாதிரி பேசியது, அவனேதான் விட்டிருப்பான் என்று. சாவு வீட்டில் பாதிரியார் "ஆண்டவர் ஒருவருக்கே தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னாரோ என்னவோ, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வெல்டாவின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

ஊர்க் கல்லறையில் அவனை வைக்க அவள் சம்மதிக்கவில்லை. "அங்க இருக்கிறவங்க பூரா இப்ப அவனைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கிறவங்களோட அப்பன் ஆத்தாதானே" என்றாள். எரித்தார்கள். சாம்பல் ஒரு பெட்டியில் வந்தது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தத் தவிப்பு. பெட்டியை டிவி மேல் வைத்தாள், பிறகு துணி அலமாரியில், பிறகு சமையலறை ஜன்னலில். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் அது வேறோர் இடத்தில் இருந்தது. கடைசியில் காருக்கே வந்துவிட்டது. முன் சீட்டில், சீட் பெல்ட் போட்டு.

"பெல்ட் எதுக்குடி?" என்றேன்.

"திருப்பத்துல சாயுது."

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஒருநாள் வண்டியை ஓட்டியபடியே சொன்னாள்: "அவனுக்கு ஒரு இடம் வேணும், லவோன். நம்ம ஜனங்க இருக்கிற இடமா வேணும். ஹைரம் பக்கத்துல வைக்கப் போறேன். எப்படிச் செத்தான்னு கேக்காம, யார் வீட்டுப் பிள்ளைன்னு மட்டும் பாக்கிற இடத்துல."

ஹைரம் இருக்கும் இடம் பாஸ்மோர் மேடு. இப்போது அது டாய்ல் என்பவருடைய மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் இருக்கிறது. டாய்ல் தங்கமான மனிதர், கேட்டை மூடிவிட்டுப் போனால் சரி என்பார். ஆனால் போவதற்குத்தான் வழியில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்த மேட்டைக் காடு விழுங்கிவிட்டது. முள்கொடியும் சீடர் மரமும் மண்டி, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே கல்லறை இருப்பதாகவே தெரியாது. வாசலோரமாகப் பளபளவென்று ஒரே ஒரு கிரானைட் கல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. "ஹைரம் பாஸ்மோர். முதலில் வந்தவர்" என்று அதில் வெட்டியிருந்தது. அதை நட்டவர் ஆர்வில்.

ஆர்வில் இவர்களுடைய பெரியப்பா மகன். தீவனக் கடை வைத்திருக்கிறார். பாஸ்மோர் குடும்பக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் எதுவும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வருஷா வருஷம் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த மாட்டு வண்டிக் கதையைச் சொல்வார். சொல்லும்போது அந்த வண்டியில் இவரும் ஒரு சக்கரத்தைத் தள்ளியது மாதிரி இருக்கும். கல்லுக்கு எல்லாரிடமும் வசூல் பண்ணியவர், காட்டை வெட்ட ஆள் கிடைக்காததால் டிராக்டர் போகிற தூரத்தில் வாசலுக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டார். ஹைரம் இங்கேதான் கிடக்கிறார் என்று தன் அப்பா சொன்னதாகச் சொன்னார். அவருடைய அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அவரைப் போய் யார் கேட்பது?

வெல்டா ஆர்விலைக் கடையில் போய்ப் பார்த்தாள். நானும் கூடப் போனேன், அவள் தனியாகப் போனால் சண்டை வரும் என்று. போன பிறகு சண்டை போட்டது நான்.

ஆர்வில் தீவன மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். "வெல்டா, உன் கஷ்டம் எனக்குப் புரியாமலா? ஆனா பெரியவர் பக்கத்துல எப்படிம்மா? அங்க கிடக்கிறவங்க எல்லாம் கிழக்கே கால் நீட்டிக் கிடக்காங்க. கடைசி நாள்ல எழுந்து நின்னா நேரா சூரியனைப் பாக்கிறதுக்கு. ஒழுங்காச் செத்தவங்க."

"ரேண்டல் ஒழுங்காச் சாகலைன்னு உனக்கு யார் சொன்னா?"

"நான் சொல்லலம்மா. ஊரு சொல்லுது. அந்தக் காலத்துல அந்த மாதிரி ஆளுங்களைக் குறுக்கே போடுவாங்க, தெரியுமில்ல? வடக்கே தலை, தெற்கே கால். வேலி ஓரமா. உனக்கு அது வேணும்னா நான் தடை சொல்ல மாட்டேன்."

"உங்க வாய்ல புழுத்த தீவனத்தைத்தான் போடணும்" என்றேன் நான். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

வெல்டா கத்தவில்லை. கடைக்குள் மேலும் கீழும் நடந்தாள். ஆணிப் பெட்டிகளுக்கும் கல்லாவுக்கும் நடுவே போய்ப் போய் வந்தாள். பிறகு நின்றாள். "சரி. ஹைரமை எனக்குக் காட்டு. அந்த வாசல் கல்லுக்கு அடியில இல்ல, நிஜமா அவர் எங்க கிடக்காரோ அங்க. அவருக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன். ஒரு பக்கம் காலியா இருந்தாலும் என் பையன் அங்கதான், நேராத்தான்."

"காட்டை வெட்டு, காட்டறேன்" என்றார் ஆர்வில். அவள் வெட்ட மாட்டாள் என்று நினைத்துவிட்டார். முப்பது வருஷம் இவளுக்குப் பின்னால் பஸ்ஸில் போன பிள்ளைகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

குளிர்காலம் முழுக்க வெட்டினாள். இலை உதிர்ந்து பாம்பு அடங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு இறங்குவார்கள். ஹாலிஸ் ரம்பத்தோடு போனார், நான் கத்தரியோடு போனேன். முள்கொடியை இழுத்தால் மரத்தின் உச்சி வரைக்கும் ஆடும். இலை இல்லாத காலத்திலும் விஷக்கொடி சும்மா விடாது, என் கைகள் ஜனவரி வரைக்கும் வெந்து கிடந்தன. வெல்டாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் ஓரிடத்தில் நின்றால்தானே கொடி அவளைத் தொடும். இந்த மூலையில் பாதி மரத்தை அறுத்துவிட்டு அந்த மூலைக்கு ஓடுவாள், அங்கே ஒரு கல் தெரிந்தால் இதை மறந்துவிடுவாள். கார் வாசலில் நிற்கும், முன் சீட்டில் அந்தப் பெட்டி இருக்கும். நடுநடுவே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவாள்.

முதல் வாரமே ஹாலிஸ் மாட்டிக்கொண்டார். தரையில் கிடந்த கரடு முரடான கற்களை, புல் வெட்டும் மெஷினுக்கு இடைஞ்சல் என்று பொறுக்கி ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். வெல்டா கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அதைத் தொடாதடா! அது தலைமாட்டுக் கல்லு! கல்வெட்ட வக்கில்லாதவங்க வயல்லருந்து பொறுக்கி வச்ச கல்லுடா அது! தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு!"

"எனக்குத் தெரியும்" என்றார் ஹாலிஸ்.

"தெரிஞ்சுமா எடுத்தே?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

குவியலில் இருந்ததை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்கள், பள்ளம் பார்த்துப் பார்த்து. ஆர்வில் கிரானைட் கல் நட்டபோது டிராக்டர்காரன் வாசல் பக்கத்துக் கற்களை எல்லாம் இப்படித்தான் வழித்துத் தள்ளியிருந்தான். அந்தக் குவியல் வேலிக்கு வெளியே பாசி பிடித்துக் கிடந்தது. அதில் யாருடைய தலை, யாருடைய கால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வெல்டா அதன் எதிரே நின்று ஆர்விலை வைத வசவுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மழை நாட்களில் மேட்டுக்குப் போக முடியாது. அப்போதும் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். கோர்ட்டுக்குப் போய் அங்கே வைத்திருக்கிற பழைய வரிக் கணக்கைப் புரட்டினாள், கிழவர் கிழவிகளைத் தேடிப் போய்க் கேட்டாள். ஹைரம் எப்படி வந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். வண்டியின் அச்சு முறிந்தது, கெசியா பானையைத் தலையில் சுமந்துகொண்டு மலை இறங்கியது, முதல் குளிரில் குகைக்குள் தங்கியது, ஒன்று பாக்கியில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "அதென்னமோ எங்க வீட்டுல பேசினதே இல்ல" என்றார்கள். "காய்ச்சலா இருக்கும்" என்றார்கள். ஒரு வருஷம் வரிக் கணக்கில் ஹைரம் பெயர் இருந்தது. அடுத்த வருஷம் விதவை கெசியா என்று இருந்தது. அவ்வளவுதான்.

"வந்ததை மட்டும் இவ்வளவு விவரமாச் சொல்றாங்களே" என்றாள் வெல்டா காரில். அப்புறம் வீடு வரைக்கும் ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

வசந்தம் வருவதற்குள் மேடு வெட்டவெளியாகிவிட்டது. வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாம் கிழக்கே பார்த்து. நடுவில் கெசியாவின் கல், நல்ல கொத்தன் வெட்டியது, ஒரு கை மேலே சுட்டிக் காட்டுகிற மாதிரி. அவளுக்கு இடது பக்கம் பிள்ளைகள். வலது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தரை, கல்லும் இல்லை பள்ளமும் இல்லை. கல்லறைமேல் நட்டு வைக்கிற நீலப்பூக் கொடி மேடு பூராவும் படர்ந்திருந்தது, அந்த ஒரு துண்டைத் தவிர. மேட்டின் கோடியில், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி, ஒரு பெரிய சீடர் மரத்துக்கு அடியிலும் அந்தக் கொடி மண்டியிருந்தது. பக்கத்தில் படிக்கல் மாதிரி ஒரு தட்டைக் கல் மண்ணில் புதைந்து கிடந்தது. நான் பல நாள் அதன்மேல் உட்கார்ந்துதான் காபி குடித்தேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைத்துவிட்டு அங்கேயே சாப்பிடுவது எங்கள் வழக்கம். பாஸ்மோர்களுக்கு அது விட்டுப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அந்த வருஷம் எல்லாரும் வந்தார்கள். வேலியோரம் பலகை போட்டுப் பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங் எல்லாம் வரிசையாக வைத்து, ஈக்கு வெள்ளைத் துணி மூடியிருந்தோம். ஆர்வில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கையில் இரண்டு கம்பிகளோடு வந்தார்.

கம்பி பிடிப்பது எங்கள் மலைக்காரர்களுக்குப் புதிதல்ல. கோட்டு மாட்டும் கம்பியை வளைத்துக் கைக்கு ஒன்றாகத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். குழி வெட்டிய மண்ணுக்குமேல் வந்தால் இரண்டும் தானாகக் குறுக்கே சேரும், தாண்டினால் பிரியும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆர்வில் அதில் கெட்டிக்காரர் என்று அந்த மாவட்டமே சொல்லும்.

"முதல்ல வந்த நம்ம பெரியவரை இன்னிக்குக் கண்டுபிடிக்கிறோம்" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசல் கிரானைட் கல்லிலிருந்து ஆரம்பித்தார். கம்பி அசையவில்லை. திரும்பி ஒரு தடவை நடந்தார். அசையவில்லை. யாரோ ஒருத்தி இருமினாள்.

"வரிசைக்கு வாங்க" என்றேன் நான். என் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருக்கும்.

வரிசையோடு வடக்கிலிருந்து தெற்கே நடந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் கம்பி சேர்ந்தது, ஓர் எட்டு வைத்ததும் பிரிந்தது. கெசியாவுக்குச் சேர்ந்தது, பிரிந்தது. வலது பக்கத்து வெறும் தரையில் பிரிந்தே இருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆர்வில் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். வெல்டா வரிசைக்கு மறுபக்கம் அவரோடு கூடவே, கையைப் பிசைந்தபடி நடந்துகொண்டிருந்தாள்.

"அந்த சீடர் கிட்டப் பாரு" என்றாள்.

"அங்க எதுக்கு?"

"பூக்கொடி இருக்கு, ஆர்வில்."

போனார். எல்லாரும் பின்னால் போனோம். மரத்தடியில் வடக்குப் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார். கம்பி சேர்ந்தது. ஓர் எட்டு வைத்தார். பிரியவில்லை. இன்னோர் எட்டு. பிரியவில்லை. ஓர் ஆள் படுத்திருக்கிற நீளம் முழுக்க நடந்த பிறகுதான் பிரிந்தது. பிறகு மேற்கிலிருந்து கிழக்கே நடந்து பார்த்தார். சேர்ந்தது, உடனே பிரிந்துவிட்டது.

வடக்கே தலை, தெற்கே கால். அங்கே நின்ற பாஸ்மோர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"கம்பி பழசு" என்றார் ஆர்வில்.

வெல்டா ஹாலிஸின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, நான் காபி குடிக்கிற தட்டைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ஹாலிஸும் கை கொடுத்தார். கல் புரண்டது. ஈர மண்ணை அவள் உள்ளங்கையால் துடைத்தாள். யாரோ கொத்தன் இல்லாத ஆள், உளியோ ஆணியோ வைத்து வெட்டிய கோணல் எழுத்து. ஹைரம் என்று மட்டும் இருந்தது.

அவர் என்ன செய்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஜனங்கள் அவரை நேராகப் படுக்க விடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"கல்லைக் கவுத்துப் போடு, வெல்டா" என்றார் ஆர்வில். "குழந்தைங்க இருக்காங்க."

"என் பையனைப் பத்திப் பேசினப்ப உனக்குக் குழந்தைங்க ஞாபகம் வரலியா?"

ஆர்வில் போய்த் தன்னுடைய கிரானைட் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. எழுபது வயது மனிதர், தீவனக் கடை போக அவருக்கு இருந்ததெல்லாம் அந்த மாட்டு வண்டிதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார்.

"கெசியா பக்கத்துல இடம் காலிதான். நல்ல இடம். ரேண்டலை அங்க வை. நேராவே வை. யாராவது ஏதாச்சும் சொன்னா என்னைக் கேக்கச் சொல்லு."

அவள் கேட்டது அதைத்தான். குளிர் முழுக்க வெட்டியது அதற்குத்தான். போய்ப் பெட்டியை எடுத்து வா என்று நான் அவளைக் கிள்ளினேன். அவள் காருக்குப் போய்ப் பெல்ட்டை அவிழ்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கெசியாவின் பக்கத்தில் நின்றாள். பிறகு சீடர் மரத்தடிக்குப் போனாள். திரும்ப வந்தாள். மறுபடி போனாள். கோழி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் துணியை விலக்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் இங்கேயும் அங்கேயும் நடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இங்கயே வைடி" என்றேன். "இதுக்குத்தானே இவ்வளவும்."

அவள் அந்த வெறும் தரையைப் பார்த்தாள். "இது காலி இடம் இல்ல, லவோன். இது அவ விட்டு வச்ச இடம். அவரை இங்க கொண்டுவர விடுவாங்க, விடுவாங்கன்னு சாகிற வரைக்கும் பக்கத்துல யாரையும் வைக்க விடாம வச்சிருக்கா. இத நான் எப்படி எடுத்துக்கிறது?"

ஹாலிஸ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எந்தப் பக்கமா வெட்டணும், அக்கா?"

"ஹைரம் எப்படிக் கிடக்காரோ அப்படி. அவருக்குப் பக்கத்துல. ஆள் நீளத்துக்கு வெட்டு, அவன் ஆறடி."

செருப்புப் பெட்டி அளவு பெட்டிக்கு ஆள் நீளக் குழியா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் மலை மண்ணில் கல்தான் அதிகம், ஹாலிஸ் முழங்கால் ஆழம் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அப்போது ஆர்வில் தன் வண்டியிலிருந்து ஒரு மண்வெட்டி எடுத்துவந்து, கழுத்துப்பட்டியோடேயே மறுமுனையில் இறங்கி வெட்ட ஆரம்பித்தார். ஹாலிஸ் ஒதுங்கி இடம் விட்டார்.

வெல்டா பெட்டியை வைத்தாள். தலை வடக்கே வருகிற இடத்தில் வைத்தாள். மண்ணைத் தள்ளி மேடு கட்டி, பெண்கள் கொண்டுவந்த பூவையெல்லாம் அந்த இரண்டு குழிகள்மேலேயே போட்டுவிட்டார்கள். மற்ற பாஸ்மோர்களுக்கு அந்த வருஷம் பூ இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. வாய் சும்மா இருக்காதே. "கடைசி நாள்ல எல்லாரும் எழுந்து கிழக்கே சூரியனைப் பாப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் எதைடி பாப்பாங்க?"

வெல்டா தெற்கே திரும்பிப் பார்த்தாள். காடு வெட்டிய பிறகு அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. கீழே டாய்லின் மாடுகள், அதற்கப்பால் ஓடை, ஓடையோரமாக மலைத் திருப்பம் வரைக்கும் ரோடு.

"ரோடு தெரியுது பாரு" என்றாள். "நான் வர்றதை அவன் பாத்துக்கிட்டிருப்பான்."

சொல்லிவிட்டு, ஹைரமுக்கும் ரேண்டலுக்கும் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தெற்கே பார்த்து. எனக்கும் இப்படித்தான் வெட்டணும் என்று ஹாலிஸிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். திருப்பத்தில் ஏதோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"பசிக்குது" என்றாள். "ஒரு தட்டுல போட்டு எடுத்துட்டு வாயேன்."

நான் கோழியும் பீன்ஸும் ரொட்டியும் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டாள்.